நான் பேசாத போன்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான், அதனால் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை. என் வெட்கமெல்லாம் வேறொன்றில்.

2002-இல் தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலைக் காட்டும் புரோகிராமை சி மொழியில் எழுதியிருந்தேன். டேட்டாபேஸிலிருந்து ஒவ்வொருவர் விவரமாக எடுத்து ஒரே ஸ்ட்ரக்சரில், அதாவது நினைவகத்தில் ஒரே பெட்டியில், மாற்றி மாற்றிப் போட்டு, அங்கிருந்து படித்துத் திரையில் காட்டும். ஒருவருடைய போன் நம்பர் காலியாக இருந்தால், முந்தின ஆளின் நம்பர் அந்த இடத்திலேயே கிடக்கும். காலி என்று சொல்ல இன்டிகேட்டர் என்றொரு குறி உண்டு, அதைப் பார்த்த பிறகுதான் காட்ட வேண்டும். நான் பார்க்காமல் விட்டிருந்தேன்.

ஒருநாள் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு அவசரமாக ரத்தம் வேண்டியிருந்தது. திரையில் சுருளிப்பட்டிக்காரர் ஒருவர் பெயர், பக்கத்தில் பட்டியலில் அவருக்கு முந்தின ஆளின் நம்பர். போனை எடுத்தவர் பாவம், கம்பத்திலிருந்து பதறியடித்து வந்தார், சோதித்தால் வேறு வகை ரத்தம். இரண்டு மணி நேரம் வீண். அந்தப் பெண் பிழைத்ததே பெரிய விஷயம்.

டாக்டர் கேட்டபோது, "முத்துலட்சுமிதான் நம்பரத் தப்பா ஏத்திருக்கு சார்" என்றேன். விவரங்களைக் கணினியில் ஏற்றுகிற பெண் அவர். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாலைக்குள் என் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு வரி சேர்த்துச் சரிசெய்தேன், வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, முத்துலட்சுமியிடமே தங்கிவிட்ட அலமாரிச் சாவியை வாங்கிவர என்னை வடுகபட்டியில் அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். நல்ல பகல். காபி கொடுத்தபடியே முத்துலட்சுமி சொன்னார்: "நேத்து போன்ல அப்படி அழுதீகளே சார். எனக்கு மனசுல ஒண்ணுமில்ல, விட்டுருங்க."

"எந்தப் போன்?"

"பக்கத்துக் கடைக்கு வந்துச்சே. கடைக்கார அண்ணன் வந்து கூப்புட்டாக. காலியா இருந்ததப் பாக்காம விட்டுட்டேன், பழைய நம்பர் அங்கனயே நின்னுருச்சுன்னு சொன்னீக. எனக்கு அதெல்லாம் புரியல. உங்க தப்புன்னு சொன்னீகள்ல, அது போதும்."

முந்தின நாள் மழையில் கேபிள் அறுந்து மருத்துவமனையில் ஒரு போனும் வேலை செய்யவில்லை. அந்தத் தவறை நான் ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. நான் பேசவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் மன்னிப்பே கேட்காதவன் என்றாகிவிடும். தலையை ஆட்டிவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, சாவியோடு வெளியே வந்தேன்.

கடைக்காரர் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரி சார்தான? குரலே சொல்லுதே. காலைலயும் ஒருக்கா பேசுனீகளே, இன்னைக்கு வருவேன், வந்தா நேர்ல சொல்றேனான்னு பாருங்கன்னு. சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

முத்துலட்சுமிக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. நான், எங்கே போன் மணி அடித்தாலும், அந்தப் பக்கம் என் குரலே இருக்குமோ என்று இன்றைக்கும் முதலில் வேறு யாரையாவதுதான் எடுக்கச் சொல்கிறேன்.