திங்கட்கிழமை வந்துவிடுவேன்

இது வசுமதிக்கு நடந்தது. ஒரு சொல்லும் கூட்டவில்லை. நேரங்கள்கூட மெயிலில் பதிந்திருந்தவைதான்.

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அந்த ஆபீசில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டவன் அவள் கணவன் லோகேஸ்வரன். மூன்று நாள் லீவில் அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கியவன் திரும்பவில்லை. வழியில் மண் சரிந்து கார் புதைந்தது. அவன் வேலையை அவளுக்கே கொடுத்தார்கள்.

சேர்ந்த முதல் திங்கட்கிழமை, மனம் கேட்காமல் அவன் முகவரிக்கு ஒரு மெயில் எழுதினாள். உடனே பதில் வந்தது.

“லீவில் இருக்கிறேன். திங்கட்கிழமை வந்துவிடுவேன்.”

புறப்படுமுன் அவன் போட்டு வைத்த தானியங்கிப் பதில். அப்படித்தான் நினைத்தாள். மறுபடி எழுதினாள், வரவில்லை. இந்த மாதிரிப் பதில் ஒரு ஆளுக்கு வாரம் ஒரு தடவைதான் போகும். அதனால் திங்கட்கிழமைதோறும் எழுதினாள். பதினொரு வாரம். அந்த இரண்டு வரிக்காகத்தான் வேலைக்கே வந்தாள்.

ஒரு வியாழன், மாலை 4.05. ஜன்னலை மூடுபனி அடைத்திருந்தது. ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி ரெங்கசாமி பையோடு எட்டிப் பார்த்தார்.

“வசு, லோகா மெயில மூடிடும்மா. தொரை சொல்லிட்டாரு. ஆர்டர் போடுறவன்லாம் அதுக்கே எழுதிட்டு, பதில் இல்லன்னு என்னைய ஏசுறான்லா.”

“நாளைக்குச் செய்யட்டுங்களா?”

“இன்னைக்கே. ‘அப்படி ஆளு இல்ல’ன்னு மெயிலு திரும்பிப் போவணும்.”

அவர் வீட்டுக்குக் கிளம்பினார். அவள் கடைசியாக ஒருமுறை எழுதினாள். “மூடச் சொல்றாங்க.”

வியாழன்... பதில் வராது.

4.12. டிங்.

“லீவில் இருக்கிறேன். ஏன் இன்னைக்கே?”

சுற்றிப் பார்த்தாள். ஆபீசில் வேறு யாருமில்லை.

4.14. டிங். இந்த முறை அவள் எதுவும் எழுதவில்லை.

“திங்கட்கிழமை வரைக்கும் பொறு.”

சர்வர் விசிறி நின்றது... மறுபடி சுற்றியது.

4.15.

“மூடாதே வசு.”

பயத்தில் முகவரியை நீக்கும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

அவன் முகவரிக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பினாள். 4.17க்குத் திரும்பி வந்தது. “இப்படி ஒரு முகவரி இங்கே இல்லை.”

அன்றிரவு அவள் தூங்கவில்லை. திங்கட்கிழமை யாருக்கும் சொல்லாமல் அதே முகவரியைத் திரும்ப உருவாக்கி எழுதினாள். மெயில் போய்ச் சேர்ந்தது. பதில் இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் புது சர்வர் மாட்ட ஈப்போவிலிருந்து அர்ஜுனன் வந்தான்.

“தம்பி, பழசுல எங்க வீட்டுக்காரரு போட்ட ஆட்டோ ரிப்ளை இருக்கும். அத மட்டும் எடுத்துக் குடுங்க.”

அரைமணி நேரம் தேடினான்.

“அக்கா, இதுலேருந்து யாருக்கும் ஆட்டோ ரிப்ளை போவாது. அந்த வசதிய இதுல ஒருநாளும் போட்டதே இல்லலா.”