நங்கூரம் போட்ட இடம்

படகின் ஓரத்தில் குப்புறப் படுத்து, தலைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, சின்னத் திரையைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். "கொஞ்சம் நகருங்க, உங்களத்தான், மறைக்குது!" கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கிய கேமராவை மறைப்பது ஒரு மீன். மீன்களுக்கெல்லாம் 'நீங்க'. படகோட்டும் கணவனுக்கு மட்டும் 'யோவ்'.

கடலடியில் எங்கே மணல், எங்கே பாறை, எங்கே புல் என்று பார்த்து வரைபடத்தில் ஏற்றுவது அவள் வேலை. துறைமுகத்தில் 'அடித்தரை அக்கா' என்றால்தான் தெரியும். யார் வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் தரைக்குத்தான் போகும். மாமியாருக்கு அது ஆகவே ஆகாது. "நான் சரியா பெருக்கலன்னு சொல்ல வர்றியா?"

கடற்புல் என்றால் அவளுக்கு உயிர். மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அதில்தான். ஒரு நங்கூரம் இழுபட்டால் போதும், வேரோடு பிய்ந்துவிடும்; மறுபடி முளைக்க வருடக்கணக்காகும்.

போன வருடம் அவள் கொடுத்த வரைபடத்தில் ஓரிடம் வெறுமையாக இருந்தது. ஒன்றுமில்லாத இடம்தானே என்று துறைமுக அலுவலகம் பெரிய படகுகள் நங்கூரம் போட அதையே ஒதுக்கிவிட்டது. செய்தி கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது ஒன்றுமில்லாத இடமல்ல, அவள் பார்க்காத இடம். தினமும் மதியம் படகை நிறுத்திச் சாப்பிடும் இடம். சாப்பிடும்போது கேமராவை யார் இறக்குவார்கள்?

மறுநாள் விடிந்ததும் இறக்கினாள். புல்வெளி விரிந்துகிடந்தது, நடுநடுவே சொட்டை விழுந்து. அத்தனையும் அவளும் கணவனும் தினமும் போட்ட நங்கூரத்தின் கைவரிசை.

"எல்லாரையும் போடாதீங்க போடாதீங்கன்னு கத்திட்டு, நாமளே பிச்சு வெச்சிருக்கோமேயா!" அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

நங்கூரம் போட்டது கணவன்தான். அவள் துண்டுக்குள் தலையை நுழைத்துத் திரையைப் பார்த்து, "ஏ, அந்த ஓரத்துல பச்சையா என்னது?" என்றான். ஒரு பழைய சொட்டையின் விளிம்பில் புதுத் துளிர்.

அந்தப் படத்தோடு அலுவலகத்துக்குப் போனாள். "தப்பு என்னோடதுங்க. எல்லை காட்ட மிதவை போடறதுக்குள்ள இடத்த மாத்திடுங்க." அதிகாரி முணுமுணுத்தார். ஆனாலும் பெரிய படகுகளை மணல் பக்கம் தள்ளிவிட்டார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இப்போதும் மதியத்தில் அங்கேதான் வருகிறார்கள், துளிர் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க. நங்கூரம் மட்டும் இறங்குவதில்லை. நீரோட்டம் படகை இழுத்துப் போகாமல் கணவன் இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"பசி உயிர் போகுது," என்கிறான்.

அவள் கேமராக் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொள்கிறாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, பாத்திரத்தைத் துழாவி, ஒரு வாய் எடுத்து அவனுக்கு ஊட்டுகிறாள்.