மீன் தெரியாத சொதி

மாமியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் வீட்டில் மீன் சமைத்தோம். மாமா தன் தட்டைச் சற்றுத் தள்ளிவைத்து, தனக்கு இனி மச்சம், மீனோ இறைச்சியோ, வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அம்மா போன துக்கத்தில் அப்பா சொல்கிறார், சில கிழமைகளில் மாறிவிடும் என்று என் கணவர் நினைத்தார். மாறவில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மல்வேர்னில், எங்கள் சிறிய குசினியில் அவருக்கென்று தனிச் சட்டியும் தனி அகப்பையும் வந்தன. அவருடைய சமையல் என் பொறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் ஆனது.

கம்போடியாப் பயணம் உண்மையில் அவரும் மாமியும் போக இருந்தது. அங்கோர் வாட்டில் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயிலைப் பார்க்க வேண்டும் என்று மாமி நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. இந்த வருடம் எல்லோருமாகப் போவோம் என்று கணவர் சொன்னபோது மாமா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அங்க வந்து நான் என்னத்தைச் சாப்பிடுறது? உங்களுக்குத்தான் கரைச்சல். நீங்கள் போயிட்டு வாங்கோ."

அவரைத் தனியே வீட்டில் விட்டுவிட்டு மாமி பார்க்க நினைத்த கோயிலை நாங்கள் போய்ப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. அவருடைய சட்டைகள் தோளில் தொங்கத் தொடங்கியிருந்தன. குடும்ப வைத்தியரும் எடையைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டார், என்ன சாப்பிடுகிறார் என்று. எனவே கம்போடியாவில் அவர் சாப்பிடக்கூடியது எது என்று கண்டுபிடிப்பதும் என் வேலையானது.

மகள் பள்ளிக்கூடம் போன நேரங்களில் பயணக் கட்டுரைகளை வாசித்தேன். அமொக் என்பது மீனைத் தேங்காய்ப்பாலோடும் அரைத்த வாசனைக் கூட்டோடும் வாழையிலைக் கிண்ணத்தில் அவிப்பது. சியம் றீப்பில் பயணிகள் போகும் எந்த உணவகத்திலும் கிடைக்குமாம். காலையில் தெருவோரத்தில் கரியடுப்பில் வாட்டிய பன்றி இறைச்சியைச் சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள், பத்து மணிக்குள் முடிந்துவிடும். கடற்கரை ஊரான கெப்பில், சந்தையிலேயே நண்டு வாங்கிப் பச்சை மிளகோடு சமைக்கக் கொடுக்கலாம். நூல் நூலாக அரிசி மாவில் பிழிந்து, பச்சை நிறக் குழம்பு ஊற்றும் நொம் பஞ்சொக்கை, கோயில்களுக்குப் போகும் வழியில் உள்ள கிராமங்களில் காலைச் சாப்பாடாக விற்பார்கள். படங்கள் எல்லாம் அழகாக இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் மீன், மீன் சோஸ், அல்லது புளிக்கவைத்த மீன் விழுது. மரக்கறிக் குழம்பு என்று பெயர் போட்டதிலும் அந்த விழுது இருந்தது.

இதோடு மகளின் பிரச்சினையும் இருக்கிறது. அவளுக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, ஆகாது. ஆகாது என்றால் வயிற்றுவலி அல்ல, மூச்சு அடைக்கும். கம்போடியச் சமையலில் சில கறிகளிலும் சலாட்டுகளிலும் கச்சானை இடித்துத் தூவுகிறார்கள். நான் பக்கத்தில் இல்லாத நேரத்துக்காக, எந்தச் சாப்பாட்டுக்கும் முன்னால் இதில் கச்சான் இருக்கிறதா என்று வாய் திறந்து கேட்க அவளைப் பழக்கியிருக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளையை இப்படிப் பயப்படுத்தி வளர்க்கலாமா என்று சில நாட்களில் தோன்றும். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று மற்ற நாட்களில் தோன்றும்.

இங்கேயே ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாம் என்பது கணவரின் யோசனை. ஞாயிற்றுக்கிழமை 401 நெடுஞ்சாலையில் மேற்கே போய், ஜேன் வீதிப் பக்கம் ஒரு சிறிய கம்போடிய உணவகத்துக்குப் போனோம். லோண்டரிக்கும் நகம் திருத்தும் கடைக்கும் நடுவில் அது இருந்தது. பரிமாறிய பெண்ணிடம் மாமாவுக்காக விளக்கமாகக் கேட்டேன். மீன் சோஸ் போடாமல், சோயா சோஸில் மரக்கறி வதக்கித் தரலாம், வெள்ளைச் சோறும் தரலாம் என்றார். மகளுக்கு வாட்டிய கோழியும் சோறும். கணவர் தனக்கு நொம் பஞ்சொக் எடுத்தார்.

மாமா மரக்கறியை இரண்டு தடவை வாயில் வைத்தார். பிறகு முட்டைக்கோவாத் துண்டுகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கத் தொடங்கினார். அது எனக்குத் தெரிந்த ஒதுக்கல். அந்த நேரம்தான் கணவரின் கோப்பை வந்தது. வெள்ளை நூல்கள் சுருள் சுருளாக, மேலே மஞ்சளும் பச்சையும் கலந்த பால்குழம்பு. மாமா அதையே பார்த்தார்.

"இடியப்பமும் சொதியும் மாதிரிக் கிடக்கு."

"சொதிதான் அப்பா. சாப்பிட்டுப் பாருங்கோ" என்று கணவர் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார்.

மீனை அவித்து, முள் எடுத்து, எலுமிச்சைப் புல்லோடும் மஞ்சளோடும் இடித்துக் கரைப்பதுதான் அந்தக் குழம்பு. நான் வாசித்திருந்தேன், கணவருக்கும் சொல்லியிருந்தேன். வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே கணவரின் சப்பாத்து என் காலில் அழுந்தியது. அதற்குள் மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டார். இரண்டாவது வாய்க்குக் குனிந்து, கோப்பையின் அடியிலிருந்து அள்ளினார். பல மாதமாக அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. இந்த வாய் முடியச் சொல்வோம் என்று நினைத்தேன். அது முடிந்ததும் அடுத்த வாய் முடிய என்று நினைத்தேன். வைத்தியரின் கேள்வியும் நினைவுக்கு வந்தது. சொல்லாமல் விடுவதும் ஒரு கடமைபோலத் தோன்றியது. உண்மையில் நான் எதையும் முடிவு செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கும் அந்த நூல்களில் ஆசை வந்தது. தண்ணீர் கொண்டுவந்த பெண்ணிடம், நான் பழக்கியபடியே, இதில் கச்சான் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் தெளிவாகக் கேட்டாள். அந்தப் பெண் சிரித்து, சிவப்புக் குழம்பில்தான் கச்சான், இதில் மீன் மட்டும்தான் என்றார்.

மகள் அதை உடனே தன் அப்பப்பாவான மாமாவுக்குச் சொன்னாள்.

"அப்பப்பா, கச்சான் இல்லையாம். ஃபிஷ் மட்டும்தானாம். யூ கேன் ஈட்."

மாமா வாயிலிருந்ததை விழுங்கினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன மீனாம்?"

கேட்டுச் சொன்னேன். விரால்போல ஒரு ஆற்று மீன். அவர் தலையை ஆட்டி, கரண்டியைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். கடதாசியால் வாயைத் துடைத்தார்.

"கண்ணுக்கே தெரியாத மீன்தானே அப்பா" என்றார் கணவர்.

"தெரிஞ்சிருந்தா நான் தொட்டிருக்கமாட்டன் தம்பி."

குரலில் கோபம் இல்லை. வெள்ளைச் சோற்றில் சோயா சோஸை ஊற்றி, எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார். மகள் கோப்பையை எடுத்து நூல்களை உறிஞ்சினாள். அவளுக்கு எதுவும் ஆகவில்லை. வீடு வரும்வரை மாமா அவளோடு மட்டும் கதைத்தார். பாதையில் போன லொறிகளின் சில்லுகளை எண்ணச் சொன்னார். கணவர், தான் நல்லதுக்குத்தான் செய்ததாக இரவு என்னிடம் சொன்னார். நானும் மறைத்தவள்தான். மாமாவிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் கணவரை மட்டும் குற்றவாளியாக விடுவதாகும். கேட்காவிட்டால் எனக்கும் தெரியும் என்பதை அவர் தானாகவே ஊகிக்க வேண்டும். அவர் ஏற்கனவே ஊகித்திருப்பார்.

அடுத்த நாள் காலை இடியப்பம் அவித்தேன். வேறு எதையும் யோசிக்காமல் சொதியும் வைத்தேன். அது நேற்றைய கோப்பையை நினைவூட்டும் என்று வைத்த பிறகுதான் உறைத்தது. மாமா கிண்ணத்துக்குள் பார்த்தார். என் சமையலைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. போட்டதைச் சாப்பிடுவார், அல்லது ஒதுக்குவார்.

"இதில என்ன போட்டிருக்கு பிள்ளை?"

தேங்காய்ப்பால், வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, உப்பு, மஞ்சள் என்று சொன்னேன். தேசிக்காய்ப் புளி விட்டதை மறந்து, பிறகு அதையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். நானும் நின்றுகொண்டே இருந்தேன்.

"மாமா, நேற்று எனக்கும் தெரியும்."

"ஓம். உம்மட முகத்தில கிடந்தது."

"பிறகு ஏன் சாப்பிட்டனீங்கள்?"

"எனக்கு உம்மட முகத்தைப் பாக்கத் தோணினது சாப்பிட்ட பிறகுதானே" என்றார். பிறகு இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் தோய்த்தார்.

சாப்பிட்டு முடிந்து கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, விமான ரிக்கெற் போட்டாச்சோ என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். தனக்கும் போடச் சொன்னார். அங்கே வெறும் சோறும் வாழைப்பழமும் என்றாலும் பரவாயில்லையாம். ஆனால் ஒன்றைச் சாப்பிடக் கொடுத்தால், அது என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டுமாம். சொல்கிறேன் என்றேன். மகனிடமும் சொல்லும் என்றார்.

அதற்குப் பிறகும் நாளுக்கொருமுறை என்ன போட்டிருக்கிறது என்று கேட்கிறார். நான் சொல்கிறேன். சிலவேளை எனக்கு அது குத்துகிறது. சிலவேளை, மகளுக்கு நான் பழக்கியதைத்தானே அவரும் செய்கிறார் என்று படுகிறது. முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுகிறார். அதற்குக் காரணம் பயணமா, வேறேதாவதா என்று தெரியவில்லை.

ரிக்கெற் போட்டபோது விமானச் சாப்பாட்டைத் தெரிவு செய்யும் இடம் வந்தது. மாமாவுக்குச் சைவம். மகளுக்குக் கச்சான் இல்லாதது. எனக்கும் சைவம் என்று அழுத்தினேன். பிறகு அது அவருக்குக் காட்டுவதற்காகச் செய்வதுபோலப் பட்டது. மாற்றி, மீன் என்று போட்டேன்.