தலைமையகத்தின் அடியில் ஒரு வாய்க்கால்

கட்டடத்துக்காகத் தோண்டும் இடங்களில் பழங்காலப் பொருள் ஏதாவது கிடைக்கிறதா என்று பார்ப்பதற்காக, மண் வாரும் இயந்திரத்தின் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அந்த அம்மாளின் வேலை. தொல்பொருள் துறையில் அதற்குக் கண்காணிப்பாளர் என்று பெயர். பதினெட்டு வருடம் நின்றார். மூன்று பாலங்கள், ஓர் ஆஸ்பத்திரி, இரண்டு கடைவளாகங்கள், ஒரு நீச்சல் குளம். தினமும் சாயங்காலம் படிவத்தை எடுத்து, "குறிப்பிடத்தக்கது ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இயந்திரம் ஓட்டுபவர்கள் அவருக்கு 'ஒண்ணுமில்லை மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழும்படியே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த ஏழாம் மாதம், ஒரு சாலை வேலையில் மண்பானைகள் வரிசையாகத் தலைகாட்ட, கையைத் தூக்கி இயந்திரத்தை நிறுத்தியவர்தான். துறை பாராட்டியது. பாராட்டிய சூட்டோடு, கிடங்கில் உடைந்த ஓடுகளுக்கு எண் போடும் வேலைக்கு மாற்றியது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் இரண்டு வருடம் தும்மிக்கொண்டிருந்தார். சாலை போட்டாகிவிட்டது. பானைகள் என்னவாயின என்று கேட்டவர்களுக்கு, கோப்பு நகர்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். வெளியே வந்தபோது அம்மாளுக்குக் கண்பார்வை நன்றாகத்தான் இருந்தது. பார்ப்பதுதான் குறைந்துவிட்டது.

இந்த நிலையில், தொல்பொருள் துறையே தனக்கு ஆறு மாடியில் ஒரு தலைமையகம் கட்டக் கிளம்பியது. கண்காணிப்பாளர் இல்லாமல் தோண்டக்கூடாது என்ற சட்டம் அதைப் போட்டவர்களையும் விடாது என்பதால், அந்தக் குழிக்கும் ஒரு கண்காணிப்பாளர் வேண்டியிருந்தது. இயக்குநரே அந்த அம்மாளைக் கேட்டு வாங்கினார். இத்தனை வருடம் கழித்து மேலிடத்தின் கண்ணில் பட்டோமே என்று அம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, இயந்திரத்தின் பல் எதிலோ உரசிக் கிறீச்சிட்டது. ஓட்டுநர் தானாகவே நிறுத்தினார். அம்மாள் ஏணியில் இறங்கிக் கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். அகலமான, தட்டையான செங்கல். அதற்கு இணையாக இன்னொரு வரிசை. மேலே கல் பலகை மூடி. எவ்வளவோ காலம் மண்ணுக்குள் கிடந்தும் சரிவு மாறாத ஒரு வாய்க்கால்.

பொறியாளர் மேலேயிருந்தபடியே அது ஏதோ பழைய சாக்கடை என்று தீர்ப்புச் சொல்லி, எழுதிவிட்டு ஏறி வரச் சொன்னார். கை பழக்கதோஷத்தில் படிவத்தில் "குறிப்பிடத்தக்கது" வரை எழுதிவிட்டது. அதற்குள் இயக்குநர் வந்துவிட்டார்.

கட்டுமான இடங்களில் தொல்பொருள்களைக் காப்பது எப்படி என்று கையேடு எழுதியவர் அவர். துறையில் எல்லோரும் அதைப் படித்தே ஆக வேண்டும். காலணியில் சேறு படாமல் பலகை மேல் நின்று குழிக்குள் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வானத்தைப் பார்த்தார். மழை வரும்போல இருக்கிறது, வேலை நடக்கட்டும் என்றார்.

"இதுக்குத்தான் உங்களைக் கேட்டு வாங்கினேன்," என்று அம்மாளிடம் அன்பாகவே சொன்னார். "வேற யாராவது இருந்தா இந்நேரம் நோண்ட ஆரம்பிச்சிருப்பாங்க."

பாராட்டாகத்தான் சொன்னார். அம்மாளுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. ஓட்டுநர்கள் இத்தனை வருடம் கேலி செய்தபோது வராத கோபம் அப்போது வந்தது. தன்னை ஒரு கையாலாகாதவள் என்றுதான் அவர் இதுவரை நினைத்திருந்தார். அதையே ஒரு தகுதியாக எண்ணி ஒருவர் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஐயா, உங்க கையேட்டுல அறுபத்திரண்டாம் பக்கம் இதே மாதிரி வாய்க்கால் படம் போட்டிருக்கீங்க," என்றார். "பார்த்த உடனே வேலையை நிறுத்தணும்னு கீழே எழுதியிருக்கீங்க."

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "அது மத்தவங்களுக்கு எழுதினதும்மா."

மேலே ஓட்டுநர் இயந்திரச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மேடம் கையே தூக்கவில்லையே என்று பொறியாளர் அதட்டினார்.

"தூக்குவாங்க," என்றார் ஓட்டுநர்.

அம்மாள் தூக்கினார். பிறகு படிவத்தை எடுத்தார். அடித்தல் திருத்தலுக்கு அவசியமே இருக்கவில்லை. ஏற்கெனவே எழுதியதோடு "கிடைத்துள்ளது" என்று சேர்த்தால் போதுமாக இருந்தது. விதிப்படி ஒரு நகலைக் கொண்டுபோய் வாசல் பலகையில் ஒட்டினார். சாயங்காலத்துக்குள் அதைப் பத்திரிகைக்காரர்கள் படித்துவிட்டார்கள்.

வீட்டில், லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, மறுபடியும் கிடங்கா என்று மட்டும் கேட்டார். அப்படித்தான் இருக்கும் என்றார் அம்மாள். மறுநாள் அந்த மனிதர் தூசிக்கு முகக்கவசம் ஒரு பெட்டி வாங்கி வந்து மேஜை மேல் வைத்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

இயக்குநர் ஒரே நாளில் சுதாரித்துக்கொண்டார். அங்கே ஏதோ இருக்கிறது என்று தனக்கு முதலிலிருந்தே தோன்றியதாகப் பேட்டி கொடுத்தார். கட்டடம் பதினோரு மீட்டர் தள்ளிப் போயிற்று. அதில் அவருடைய கார் நிறுத்தும் இடம் காணாமல் போனதைப் பற்றி மட்டும் பேட்டியில் எதுவும் இல்லை. வாய்க்காலுக்கு மேல் கண்ணாடி போட்டார்கள். அம்மாளுக்கு இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, பெயரில் ஓர் எழுத்து குறைந்த பாராட்டுச் சான்றிதழ். இன்னொன்று, பத்திரிகைப் படத்தில் அவர் தலைக்கவசம் இல்லாமல் குழிக்குள் நிற்பதற்கு விளக்கம் கேட்கும் கடிதம். விளக்கம் போய்ச் சேருவதற்குள் கிடங்குக்கு மாற்றல் வந்துவிட்டது.

கிடங்கு இப்போது புதுத் தலைமையகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மதியம் அம்மாள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடி ஓரமாக வந்து உட்காருவார். இயக்குநரின் தொலைநோக்கால் கண்டறியப்பட்டது என்று அங்கே ஒரு பலகை இருக்கிறது. அதை அவர் சட்டை செய்யவில்லை. ஆனால் அதற்குக் கீழே வாய்க்காலின் வயதை நானூறு வருடம் குறைத்துப் போட்டிருந்தார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் பேனாவை எடுத்துச் சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் தேதியோடு கையெழுத்தும் போட்டார். இதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை.