அழுகை வந்த வழி

முன்வரிசையில் வாசகசாலைத் தலைவர் இருந்தார். அடுத்து பஞ்சாயத்து மெம்பர். அவருக்கு இந்தப் பக்கம் எங்கள் சபை பாஸ்டர். பிறகு பக்கத்து வீட்டுக்காரி. கடைசி நாற்காலியில் என் மனைவி. நாடகம் முடிந்து விளக்கு வந்தபோது என் கண்ணில் பட்டது இவ்வளவு பேர்தான். பின்னால் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

நான் ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டுகிறவன். படிப்பு ஆறாம் வகுப்பு. நாங்கள் நாடகமாகப் போட்ட நாவலை நான் வாசித்ததில்லை. ஆனால் அதில் வரும் கிழவனைத் தெரியாதவர் இங்கே கிடையாது. செத்துப்போன மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுவான். அந்த இடத்தைச் சொல்கிறவர்களும் அழுவார்கள்.

கிழவன் வேஷம் எனக்கு; ஒத்திகையில் அழுகை வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. நாடகம் பழக்கியவர் ஆட்டோ ஓட்டுகிறவர். "எலே, இது அழுகயா? ஆடு கத்துது. கிழவன நாசமாக்காத," என்றார். பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "மக்கா, யாரு செத்தா உனக்குத் தாங்காதோ, அவள அங்க கிடத்து."

கிடத்தினேன். அழுகை வந்தது.

அப்போது என் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நாடகத்தன்று வரை முடிவு வரவில்லை. ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போனால் கேட்பாள். "வல்லதும் கெட்டதா வருமா?"

"ஒண்ணும் வராது பிள்ளே," என்பேன். அதை நம்பித்தான் தூங்கினாள்.

நாடகத்தன்று கை தட்டல் அடங்கியதும் தலைவர் மேடையேறி மைக்கை என் கையில் தந்தார். "கிழவன அப்படியே கொண்டு நிறுத்திட்டீரு. அந்தக் கண்ணீரு எங்கேருந்து வந்துது, சொல்லும்."

எனக்குப் பெருமை. சொன்னேன். "எனக்க பெண்டாட்டி செத்துக் கிடக்கான்னு நினச்சேன்."

மறுபடியும் கை தட்டல். அவள் தட்டவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள்.

கட்டி விஷயத்தை நாங்கள் வெளியே சொல்லியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே வந்தாள். "அக்கா, உனக்க மாப்பிள்ள உன்ன நல்லாத்தான் அடக்கம் செய்தாரு! எனக்க ஆளுக்கும் ஒரு வேஷம் வாங்கிக் குடு. எனக்கு அழுவாரான்னு பாக்கட்டு."

என் மனைவியும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு கேட்டாள். "ஒண்ணும் வராதுன்னு சொன்னது பொய்யாக்கும்?"

நான் முகத்துச் சாயத்தைத் துண்டால் துடைத்தேன்.

"ஒத்திகையிலயும் நானா கிடந்தேன்?"

"ஆமா."

"எத்தன தடவ செத்தேன்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய்க்கு வாய் வரவில்லை. ஒத்திகைகளை எண்ணினேன். மேடையையும் சேர்த்தேன்.

"பதினாலு."