தரையில் கிடந்த கம்பி

கம்பவுண்டர் சாரின் தோள்பையிலிருந்து வெளியே வரும்போது அந்தக் குச்சி ஒரு முழம்கூட இருக்காது. நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க ஒன்றுக்குள் இருந்து ஒன்றாக நீண்டு, ஆள் உயரத்தைத் தாண்டிப் பளபளவென்று நிற்கும். அடியில் செம்புக்கம்பி சுற்றிய ஒரு குழல். பக்கத்தில் சோற்றுப்பாத்திரம் அளவில் ஒரு ரேடியோப் பெட்டி. எல்லாவற்றையும் பாறைமேல் நிறுத்தி வைத்துவிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையிறங்கிப் போனவள் நான். நாற்பது வருசம் கொழுந்து பறித்த கை இது. ஆபீஸ் ஜன்னலில் தள்ளி நில், ஆஸ்பத்திரி வாசலில் தள்ளி நில் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அதைக் கேட்க வேண்டுமா என்று இருந்தது.

அவருக்குச் சொந்த ஊர் சித்தூர். சூரியநெல்லிக்கு மேலே உள்ள எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு வேலைக்கு வந்தவர். பேச்சில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார். குழந்தைக்கு ஊசி போடும்போதும் "வலிக்காதுங்க" என்றுதான் சொல்வார். லீவு நாளில் எல்லோரும் துணி துவைக்கவும் கடைக்கும் போனால், இவர் பையை மாட்டிக்கொண்டு பாறைக்குப் போவார். முன்பெல்லாம் இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே நீளக் கம்பி இழுத்துக் கட்டித்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒற்றைக்கொம்பன் யானை வந்து அதை அறுத்து இழுத்துப் போட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் இந்தச் சுருக்குகிற குச்சியை வாங்கினார். "கம்பவுண்டர் ஆனைக்கு ஊசி போடப் போறாரு" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கேலி பேசுவோம். கோபப்பட மாட்டார். டார்ச் லைட் எரிகிற அளவு கரண்டை வைத்து வேறு தேசத்து ஆளோடு பேசுவதாகச் சொல்வார். அதற்கு அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸும் வைத்திருந்தார். நாங்கள் பாதி நம்பினோம், பாதி நம்பவில்லை.

குச்சியை நிறுத்தினால் போதாது. அதன் அடியிலிருந்து மெல்லிய கறுப்புக் கம்பி ஒன்றைத் தரையோடு தரையாகத் தேயிலைச் செடிகளுக்கு ஊடே நீளமாக விரித்து வைப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "குச்சி ஒரு காலுங்க, தரையில கெடக்கற கம்பி இன்னொரு காலு. ஒத்தக் கால்ல எப்படிங்க நடக்க முடியும்?" என்றார். ஆள் கிட்டே போனாலும் அந்தக் குச்சிக்குக் குழப்பமாகிவிடுமாம். தள்ளி நிற்கச் சொன்னது அதற்குத்தான். இந்த விவரத்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் கோபித்துக்கொண்டு இறங்கியிருக்க மாட்டேன்.

ஒரு வருசம் மழை விடாமல் அடித்தது. என் மகளுக்கு நாள் குறித்ததற்கு முன்னாடியே வலி வந்துவிட்டது. மூணாறு ரோடு ஏற்கெனவே போய்விட்டிருந்ததால், மருமகன் விடியற்காலையில் ஜீப் பிடித்து, போடிமெட்டு வழியாகத் தேனி ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். துணைக்கு நானும் வருகிறேன் என்றேன். ஜீப்பில் இடம் இல்லை. மறுநாள் கீழேயிருந்து நடந்து வந்த ஒருவர், போடிமெட்டு இறக்கத்தில் மலை சரிந்து கிடக்கிறது, மண்ணுக்குள் ஒரு வெள்ளை ஜீப் என்றார். அவர் கண்ணால் பார்க்கவில்லை, கேட்டதுதான். எங்கள் பக்கம் ஓடுகிற ஜீப்பில் பாதி வெள்ளைதானே என்று சம்பந்தியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். ஒரே லயத்தில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். அந்த ஜீப்பில் எனக்கு மகள், அவருக்கு மகன். கரண்ட் இல்லை, டவர் இல்லை, போன் எல்லாம் செத்துக் கிடந்தது.

கம்பவுண்டர் சார் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "எம்பொட்டி பேசுமுங்க. வாங்க, பாத்துரலாம்" என்றார். மழை சற்று விட்டிருந்தது. லயமே அவர் பின்னால் பாறைக்கு ஏறியது.

குச்சியை நீட்டினார், கம்பியை விரித்தார், காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாயால் பேசினால் இந்தச் சின்னப் பெட்டிக்கு எட்டாது என்று, தந்தி ஆபீசில் அடித்த மாதிரி ஒரு கட்டையைத் தட்டினார். தட்டுவார், கேட்பார், மறுபடியும் தட்டுவார். ஒன்றும் வரவில்லை. குழலில் கிளிப்பை மாற்றி மாற்றி மாட்டினார். பெட்டியில் இருந்த மீட்டர் முள்ளைப் பார்த்து, "அனுப்பறதெல்லாம் திரும்பியே வருதுங்க" என்றார். அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு எழுந்து தரையைப் பார்த்தார். கம்பியைக் காணோம்.

அது மதினியின் பின்னால், ஒரு தேயிலைச் செடியின் கொப்பில், வளையல் மாதிரி அழகாகச் சுற்றி மாட்டியிருந்தது. எங்கள் மலையில் அது பழக்கம். செடிக்குள் கம்பி கிடந்தால் அது காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்கு. யார் காலிலாவது மாட்டும், இல்லையென்றால் ஃபாரஸ்ட்காரர்கள் வந்து லயத்துக்காரர்கள்மேல் கேஸ் போடுவார்கள். அதனால் கம்பியைக் கண்டால் எதையும் யோசிக்காமல் சுற்றி மேலே மாட்டிவிடுவோம். மதினியின் கையும், மனசு வேறெங்கோ இருக்க, தன் பாட்டுக்கு அந்த வேலையைச் செய்துவிட்டது.

"என்ன மதினி இப்பிடிச் செஞ்சுட்டீக?" என்றேன்.

"பன்னிக்கு வச்சதுன்னு நெனச்சேன்."

"கம்பவுண்டர் பன்னி பிடிக்கவா பாறையேறி வந்திருக்காரு?"

மதினியின் உதடு கோணியது. கம்பவுண்டர் சார்தான் நடுவில் வந்தார். "நல்ல பழக்கந்தானுங்க அது. இன்னைக்கு ஒருநாள் மட்டும் விட்டுருங்க" என்றார். மதினியே அந்தக் கம்பியைப் பிரித்து, முறுக்கெடுத்து, செடிக்கு ஊடே குனிந்து குனிந்து நேராக்கி விரித்தார்.

போடியிலிருந்து பதில் இல்லை. தேனியிலிருந்தும் இல்லை. பதில் தூத்துக்குடியிலிருந்து வந்தது. அந்தக் குட்டைக் குச்சி போடுகிற சத்தம் பக்கத்து ஊரைத் தாண்டிக் குதித்து, தூரத்தில்தான் போய் விழுமாம், பின்னால் சொன்னார். தூத்துக்குடியில் யாரோ ஒரு முகம் தெரியாத மனிதர், தன் வீட்டு போனிலிருந்து தேனி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு விசாரித்துச் சொல்கிறேன் என்றாராம். நாங்கள் காத்திருந்தோம். என்னை எங்கே நிற்கச் சொன்னாரோ அங்கேயே நின்றேன். கொசு கடித்தாலும் கையை அசைக்கவில்லை.

கட்டை ஓய்ந்தது. கம்பவுண்டர் சார் காதில் வந்ததை எழுத்து எழுத்தாக உள்ளங்கையில் எழுதிக்கொண்டே வந்தார். எழுதி முடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"பொம்பளப் புள்ளைங்க. தாயும் புள்ளையும் சொகம்னு வருது. ஆனா கடைசீல என்னமோ கோழீன்னு வருதுங்க. செகப்புக் கோழி அடையில இருக்குது, எந்திரிக்க விடாதீங்கன்னு அம்மாகிட்டச் சொல்லணுமாம். நாந்தான் தப்பா எடுத்துட்டனோ, இல்ல வேற ஆருக்கோ வந்த சேதியோ தெரியலீங்க."

நான் ஈரப்பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை பெற்ற படுக்கையில் கிடந்துகொண்டு கோழியை விசாரிக்கிறவள் இந்த மலை முழுக்கத் தேடினாலும் ஒருத்திதான் இருப்பாள். "எம் மகதான் சார்" என்றேன். மதினி உடனே, "எம் மவன்?" என்றார். கம்பவுண்டர் சார் மறுபடியும் தட்டிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே, "ஆஸ்பத்திரி வராந்தாவுல தூங்கறாருங்களாம்" என்றார்.

"அவன் எங்கன போட்டாலும் தூங்குவான்" என்று சொல்லிவிட்டு மதினி ஓவென்று அழுதார். மண்ணுக்குள் போனது வேறொரு ஜீப், அதில் ஆள் இல்லை என்றும், டிரைவர் டீ குடிக்க இறங்கியிருந்தார் என்றும் ரோடு திறந்த பிறகு தெரிந்தது. அன்றைக்கு நேராக வீட்டுக்குப் போய் முதல் வேலையாகக் கோழியைப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை, நல்லபடியாக அடையில்தான் இருந்தது.

கம்பவுண்டர் சார் ரிட்டயராகி இப்போது சித்தூரில் இருக்கிறார். எங்களுக்கும் டவர் வந்துவிட்டது; பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் வருசத்துக்கு ஒருதரம் பையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். போன மாதம் வந்தார். மதினிக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இருந்தும் கம்பைப் பிடித்துக்கொண்டு பாறைக்கு ஏறி வந்து, தரையில் விரித்த கம்பிக்குப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார். கொழுந்து பறிக்கிற வழியில் எட்டிப் பார்த்த பெண்களிடம், "கம்பிய எவளாச்சும் சுத்துனீக, கைய ஒடிப்பேன்" என்றார். தூத்துக்குடிக்காரர் அன்றைக்கும் பெட்டியில் கிடைத்தார். குழந்தை எப்படி இருக்கிறது, கோழி எப்படி இருக்கிறது என்று கேட்கிறாராம். கோழி போய்ச் சேர்ந்துவிட்டது, அதன் வழியில் வந்தவைதான் முற்றம் முழுக்க மேய்கின்றன என்று சொல்லச் சொன்னேன்.

கம்பவுண்டர் சார் கட்டையில் கை வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார். நான் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கேட்டதற்கு மேலேயே தள்ளிப் போய் நின்றேன்.