லொறியில் ஏறாத புகைக்கூடு

ஒரு பொருள் தேவையா ஆசையா என்று தீர்ப்புச் சொல்ல அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "நாளைக்கு மாற்றம் வந்தால் உது லொறியில ஏறுமே?"

அப்பா மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கென்று வந்தவர். ஊருக்கு இடமாற்றம் கேட்டு எழுதிப்போட்டுவிட்டு, இந்த வருசம் வந்துவிடும் என்று ஒவ்வொரு வருசமும் நம்பினார். நான் பிறந்ததும் பல் விழுந்து முளைத்ததும் பெரியபிள்ளை ஆனதும் அந்த நம்பிக்கைக்கு நடுவில்தான். அதனால் எங்கள் வாடகை வீட்டில் இருந்ததெல்லாம் மடக்குக் கட்டில், மடக்குக் கதிரை, தகரப் பெட்டி. பூஞ்செடிகூடப் பால்மா டின்னில்தான் வளர்ந்தது. முற்றத்தில் ஒரு வாழைக்குட்டி வைக்கட்டுமா என்று அம்மா கேட்டபோது, அது குலை தள்ளுமுன் நாங்கள் போய்விடுவோம் என்று அப்பா சொன்னார். நான் பள்ளிக்கூடத்துப் பேச்சில் "சேர் வந்தாங்க" என்றால், "வந்தவர் எண்டு சொல்லு, ஊருக்குப் போனால் சிரிப்பினம்" என்று திருத்துவார். நான் இன்றுவரை திருந்தவில்லை.

அவரைக் கஞ்சன் என்று யாராவது நினைத்தால் எனக்குக் கோபம் வரும். ஊரில் இரண்டு அத்தைமார் கல்யாணத்துக்குக் காத்திருந்தார்கள். அவர்களுடைய சீதனத்துக்கும் என் படிப்புக்கும் போக மிஞ்சியதில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அப்பா பஸ் எடுக்காமல் நடந்தே வேலைக்குப் போவார். சட்டைக் கொலர் தேய்ந்தால் அம்மா அதைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுப்பா. தனக்கென்று அவர் எதுவும் வாங்கி நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் போய் எனக்கு இது வேணும் என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

அம்மா ஒரே ஒரு தடவை கேட்டா. எங்கள் வீட்டுக்காரர் ஹாஜியார், மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் வியாபாரி, முன்வீட்டில் இருந்தார். ஒரு பெருநாளன்று வட்டிலப்பம் சாப்பிட அழைத்தார்கள். அம்மா அங்கே குசினிக்குள் போய் ஹாஜியாரின் மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்துவிட்டு வந்தா. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவையின்ர குசினியில இவ்வளவு நேரம் நிண்டனான். கண் எரியவே இல்லை. புகைக்கூடு வைச்சுக் கட்டியிருக்கினம்," என்றா.

எங்கள் குசினி வீட்டின் பின்பக்கம் ஒட்டவைத்த ஒரு சின்ன அறை. தாழ்ந்த கூரை, கைக்குட்டை அளவில் ஒரு யன்னல். மிளகுக்கொடி படரவிடும் மரங்களின் கிளைகளை வெட்டி விறகென்று விற்பார்கள். அதுதான் மலிவு. மழைக்காலத்தில் அது எரியாது, அழும். அம்மாவும் கூடவே அழுவா. பாணுக்கு வரிசையில் நின்ற அந்தப் பஞ்ச காலத்தில் இரண்டு நேரமும் மரவள்ளிக் கிழங்கு அவிக்க வேண்டியிருந்தது. அடுப்பு அணைய நேரமே இல்லை.

விசயம் காதில் விழுந்ததும் ஹாஜியாரே வந்து அப்பாவிடம் சொன்னார். "கட்டிக்கோங்க ஐயா. செங்கல் என்ட பொறுப்பு. மேசன் பாஸுக்குக் கூலிய மட்டும் நீங்க பாருங்க."

அப்பா அவர் முன்னால் தலையாட்டினார். அவர் போன பிறகு அம்மாவிடம், "அந்தாளின்ர சுவருக்கு நான் ஏன் காசு கொட்ட வேணும்? மாற்றம் வந்தால் புகைக்கூட்டைக் கழட்டி லொறியில ஏத்தேலுமே?" என்றார். கேள்வி நியாயமானதுதான். புகைக்கூடு லொறியில் ஏறாது. ஆகவே அது ஆசை.

மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று இருந்தது, அது லொறியில் ஏறும். ஆனால் எண்ணெய் விலை கூட. விருந்தாளி வந்தாலும் எனக்குச் சோதனை வந்தாலும்தான் அதை எடுப்பார்கள். விடியற்காலையில் நான் படிக்கும்போது அம்மா அதைப் பற்றவைத்து மோல்ட் பால் காய்ச்சிக் கொண்டுவந்து வைப்பா. நான் குடித்து முடித்ததும் அதை அணைத்துவிட்டு, எங்களுக்குச் சமைக்க விறகடுப்புக்குப் போவா. என் படிப்பு தேவைப் பட்டியலில் இருந்தபடியால் எனக்கு நீல நெருப்பு. அதை நான் அப்போதே கவனித்தேன் என்பதுதான் என்னைத் தின்கிறது. கவனிக்காத வயது என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

புகை முன்னறைக்கும் வரும். புத்தகத்தில் படிந்தால் எனக்கு எரிச்சல். நடுக்கதவைச் சாத்துவேன். கதவின் அடியில் ஓர் இடைவெளி இருந்தது. அதற்குள்ளாலும் வந்தது. ஒருநாள் நான் சலித்துக்கொண்டதைக் கேட்டு, அம்மா ஒரு சாக்கை நனைத்துச் சுருட்டித் தன் பக்கத்திலிருந்து அந்த இடைவெளியை அடைத்துவிட்டா. எனக்குப் பெரிய நிம்மதி. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நான் புத்தகத்தை விரித்தால் அம்மா சாக்கை நனைப்பா. உயர்தரச் சோதனை முடியும்வரை அப்படித்தான். கதவுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டால் நான் சத்தமாக வாசிப்பேன்.

தமிழர் வீடுகளைத் தேடித் தேடித் தாக்கிய ஆடிக் கலவரத்தின்போது ஹாஜியார் எங்களைத் தன் மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். திரும்பி வந்து பார்த்தபோது மடக்கக்கூடியது, தூக்கக்கூடியது எல்லாம் போயிருந்தன. அப்பா வருசக்கணக்காக ஏற்றுவதற்கு ஆயத்தமாக வைத்திருந்த வீட்டை வேறு யாரோ சிரமமில்லாமல் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவர்கள் மட்டும் நின்றன, கரி பிடித்த அந்தக் குசினிச் சுவரும் சேர்த்து. அப்பா வெறும் நிலத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் லொறியைப் பற்றிப் பேசியதே இல்லை.

அப்போதாவது கட்டியிருக்கலாம். அப்பாவே கேட்டார், "புகைக்கூட்டைக் கட்டுவமோ?" என்று. ஆனால் அந்த நேரம் பார்த்து எனக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பெட்டி வேணும், உடுப்பு வேணும், விடுதிக்குக் காசு வேணும். "முதல்ல பிள்ளையின்ர அலுவலைப் பாருங்கோ. அடுப்பு எங்கயும் ஓடாது," என்றா அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றேன். புதுச் செருப்புக்கு அளவு பார்த்துக்கொண்டு நின்றேன்.

லீவுக்கு வரும்போதெல்லாம் இருமல் கூடியிருந்தது. கேட்டால், பனி என்பா. மாத்தளையில் என்ன அப்படிப் பனி என்று நான் பகிடி பண்ணுவேன், அவவும் சிரிப்பா, சிரிப்பு இருமலில் போய் முடியும். கடைசி வருசம், முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் நடக்க முடியாமல் பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டா. கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். வீட்டில் யாராவது சிகரெட் குடிக்கிறவர்களா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்று அப்பா கொஞ்சம் பெருமையோடு சொன்னார். அப்படியென்றால் எதில் சமைக்கிறீர்கள் என்று அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். இனி அம்மா புகைப் பக்கமே போகக் கூடாது, கெட்டுப்போன நெஞ்சு திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டொக்டர். அன்றிலிருந்து அப்பா சமைத்தார்.

மாத்தளைக்குப் பக்கத்தில் இரத்தோட்டையில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே ஹாஜியாரிடம் போனேன். புகைக்கூடு கட்ட வேண்டும் என்றேன். "பாஸை நாளைக்கே அனுப்புறேன் புள்ள," என்றார் அவர். செங்கல்லும் தந்தார்.

நன்றாகத்தான் கட்டிக் கொடுத்தார் பாஸ். ஈர விறகை வைத்தாலும் புகை இழுபட்டு மேலே போனது. அப்பா அடுப்பின் முன்னால் கண் கலங்காமல் நின்று பருப்பு அவித்தார். அவருக்கு நல்ல குசினி கிடைத்துவிட்டது என்று நினைத்தபோது எனக்கு என்மீதே வெறுப்பு வந்தது.

அம்மா பார்க்க வேணும் என்றா. உள்ளே போக விடமுடியாது. பின்முற்றத்தில் கதிரை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினேன். ஓட்டுக்கு மேலே புகை போவதை நிமிர்ந்து பார்த்தபடி நிறைய நேரம் இருந்தா. முகத்தில் உண்மையான சந்தோசம். எனக்குத் தாங்கமுடியவில்லை.

"இத அப்பவே கட்டியிருக்கணும் அம்மா," என்றேன்.

"அது தேவையில்லைப் பிள்ளை," என்றா. நிறுத்தி மூச்சு இழுத்தா. "என்ர ஒரு ஆசைதானே." மறுபடியும் இழுத்தா. "உன்ர படிப்பெல்லோ..."

மிச்சத்தைச் சொல்ல மூச்சு இடங்கொடுக்கவில்லை. சொல்லவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அது சமப்படும்வரை அவவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.